"நான் வேலை தேடவில்லை"

அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகம். அங்கே புரவோஸ்ட் என்று ஒரு பதவி உண்டு. நம் ஊர்த் துணைவேந்தரைப் போல அங்கே பல்கலைக்கழகத்தை நடத்துபவர் தலைவர்; அவருக்கு அடுத்த நாற்காலி. பாடத்திட்டம், பேராசிரியர் நியமனம், துறைகளுக்கான பணம் என்று கல்விப் பக்கம் முழுவதையும் இழுத்துக்கொண்டு போகிற ஆள் அவர்தான். ஒரு சாயங்காலம் அந்தப் புரவோஸ்ட் வீட்டுக்குக் கிளம்பிக் காரில் ஏறும்போது ஃபோன் அடிக்கிறது. மறுமுனையில் பழக்கமில்லாத, ஆனால் பதவிசான குரல்.

"ஒரு நல்ல பல்கலைக்கழகத்துக்குத் தலைவர் தேடிக்கொண்டிருக்கிறோம். உங்களுக்குத் தெரிந்து பொருத்தமானவர் யாராவது உண்டா என்று கேட்கத்தான் கூப்பிட்டேன்."

புரவோஸ்ட் சிரிக்கிறார். "நான் வேலை தேடவில்லை" என்கிறார்.

அவரை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. கேட்டது வேறு யாருடைய பெயரையோ. கேட்காத கேள்விக்குப் பதில் வந்துவிட்டது என்பதைக் குறித்துக்கொண்டு, நன்றி சொல்லி, பல்கலைக்கழகத்தைப் பற்றி எழுதிய இருபது பக்கக் கையேடு ஒன்றை அனுப்பிவைப்பதாகச் சொல்லி ஃபோனை வைத்துவிடுவார் கூப்பிட்டவர். அவசரப்பட மாட்டார். இரண்டு மூன்று வாரத்தில் புரவோஸ்ட் தாமாகவே கூப்பிட்டு, "அன்றைக்குச் சொன்னீர்களே, அந்த இடத்தில் பட்ஜெட் நிலைமை எப்படி?" என்று கேட்டால் மீன் வலையில் விழுந்துவிட்டது.

இப்படிக் கூப்பிடுவதையே தொழிலாக வைத்திருப்பவர்களை அமெரிக்காவில் 'சர்ச் கன்சல்டன்ட்' என்கிறார்கள். ஹெட்ஹண்டர் என்றால் முகம் சுளிப்பார்கள். ஐடி கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துத் தரும் ஏஜென்சிகளை நமக்கு நன்றாகவே தெரியும். பல்கலைக்கழகத் தலைவர், புரவோஸ்ட், டீன் போன்ற பதவிகளுக்கு மட்டும் ஆள் தேடியே பிழைப்பு நடத்தலாம் என்பது பலருக்குப் புதிதாக இருக்கும். பிழைப்பு என்ன, பெரிய தொழிலே அது.

தொடங்கியபோது இது கல்வித்துறையின் தொழிலாக இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெரிய கம்பெனிகளுக்கு மேலதிகாரிகளைத் தேடித்தரும் நிறுவனங்கள் முளைத்தன. சிகாகோவில் 1953இல் ஹைட்ரிக் அண்ட் ஸ்ட்ரகிள்ஸ், 1956இல் ஸ்பென்சர் ஸ்டூவர்ட், லாஸ் ஏஞ்சலஸில் 1969இல் கார்ன் ஃபெர்ரி. அந்தக் காலத்தில் பல்கலைக்கழகங்களுக்கு இந்தச் சேவை தேவைப்படவில்லை. தலைவர் பதவி காலியானால் பல்கலைக்கழகத்தை ஆளும் அறங்காவலர் குழுவில் இருக்கும் நாலு பெரிய மனிதர்கள் தங்களைப் போன்ற நாலு பேரிடம் விசாரிப்பார்கள், விருந்து ஒன்று நடக்கும், முடிந்தது கதை. 1960களின் மாணவர் போராட்டங்களும், நியமனங்களில் தங்களுக்கும் குரல் வேண்டும் என்று பேராசிரியர்கள் எழுப்பிய கோரிக்கையும், சம வாய்ப்புச் சட்டங்களும் சேர்ந்து அந்த விருந்து மேசையைக் கவிழ்த்தன. விளம்பரம் செய்ய வேண்டும், குழு போட வேண்டும், எல்லாத் தரப்பையும் கேட்க வேண்டும் என்றாகிவிட்டது. வேலை கூடியதே தவிர அதைச் செய்ய ஆள் இல்லை.

அந்த இடைவெளியில்தான் 1976இல் தலைவர் தேடலுக்கென்றே லாப நோக்கற்ற ஆலோசனை அமைப்பு ஒன்று தொடங்கப்பட்டது. இன்று அகாடமிக் சர்ச் என்ற பெயரில் இருப்பது அதுதான். 1982இல் பாஸ்டனில் ஐசக்சன் மில்லர் வந்தது. அதைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ஆர்னி மில்லர், ஜிம்மி கார்ட்டர் அதிபராக இருந்தபோது வெள்ளை மாளிகையில் அரசுப் பதவிகளுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் அலுவலகத்தை நடத்தியவர். 1969இல் மருத்துவமனைகளுக்கு நிர்வாகிகளைத் தேடித்தரத் தொடங்கிய விட்கீஃபர், பின்னாளில் பல்கலைக்கழகங்கள் பக்கம் வந்தது. ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஃபிங்கல்ஸ்டைனும் ஜூடித் வைல்டும் இந்தத் துறையைப் பல ஆண்டுகளாகத் துருவிக்கொண்டிருப்பவர்கள். தலைவர் பதவி விளம்பரங்களை ஆராய்ந்த அவர்கள், 1970களின் பிற்பகுதியில் நூற்றுக்கு இரண்டில்தான் தேடல் நிறுவனத்தின் பெயர் இருந்தது, 2015-16இல் தொண்ணூற்றுச் சொச்சத்தில் இருந்தது என்று சொல்கிறார்கள். நாற்பது ஆண்டுகளில் ஒரு வழக்கம் இப்படித் தலைகீழாவது அபூர்வம்.

வியாபாரம் பெருக இன்னொரு காரணம், நாற்காலிகள் சீக்கிரம் சீக்கிரம் காலியாவது. அமெரிக்கக் கல்விக் கவுன்சில் தலைவர்களிடம் அவ்வப்போது பெரிய கணக்கெடுப்பு ஒன்றை நடத்துகிறது. இருக்கும் பதவியில் எத்தனை ஆண்டுகள் ஆயிற்று என்ற கேள்விக்கு 2006இல் வந்த சராசரி 8.5. 2016இல் 6.5. 2022இல் 5.9. அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குள் விலகிவிடுவோம் என்று சொன்னவர்கள் பாதிக்கு மேல். கல்வி பற்றிக் கவலைப்படுகிறவருக்கு இது துக்கச் செய்தி. தேடல் நிறுவனத்துக்கு மழைக்காலம் பற்றிய வானிலை அறிக்கை.

ஆனாலும் தலைவர் தேடல் பேருக்கு, டீன் தேடல்தான் சோற்றுக்கு. ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தலைவர் ஒருவர்தான். டீன்கள் பத்துப் பன்னிரண்டு பேர். அதற்கு மேல் நிதி திரட்டும் துணைத் தலைவர், மாணவர் நலம், நூலகம், விளையாட்டுத் துறை இயக்குநர் என்று வரிசை நீளும். பொறியியல் கல்லூரி டீன் தேடலை ஒழுங்காக முடித்துக் கொடுத்த கன்சல்டன்ட்டைத்தான் பிறகு தலைவர் தேடலுக்கும் கூப்பிடுவார்கள்.

கூலி எப்படி? புதிதாக வருபவரின் முதல் ஆண்டுச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு என்பது இந்தத் தொழிலின் பழைய வாய்ப்பாடு. ஆண்டுக்கு 6 லட்சம் டாலர் சம்பளம் என்றால் 2 லட்சம் டாலர் கட்டணம், பயணச் செலவு தனி. இப்போது பலரும் முன்கூட்டியே ஒரு தொகை பேசி முடித்துக்கொள்கிறார்கள். சம்பளத்தில் பங்கு என்றால், சம்பளம் உயர்ந்தால் கன்சல்டன்ட்டுக்கும் லாபம் என்ற சந்தேகம் வருமே. எப்படியானாலும் பணம் மூன்று தவணையாக வரும். ஒப்பந்தத்தில் கையெழுத்தானதும் முதல் தவணை, மிச்சம் அடுத்தடுத்த மாதங்களில். ஆள் கிடைத்தால்தான் காசு என்ற ஏற்பாடு இங்கே கிடையாது. தேடுவதற்குத்தான் கூலி. ஒரு வருடத்துக்குள் வந்தவர் ஓடிப்போனால் கட்டணமில்லாமல் மறுபடி தேடித் தருவோம் என்ற உத்தரவாதம் வழக்கமாக இருக்கும். ஒரு வருடம் ஒரு நாள் கழித்து ஓடினால்? அது பல்கலைக்கழகத்தின் தலைவிதி.

இந்தப் பணத்துக்கு என்ன செய்கிறார்கள் என்பதற்கு ஒரு தேடலின் நாட்காட்டியைப் பார்த்தாலே போதும்.

ஆகஸ்டில் தலைவர் விலகப்போவதாக அறிவிக்கிறார். செப்டம்பரில் அறங்காவலர் குழு பதினைந்து இருபது பேர் கொண்ட தேடல் குழுவைப் போடுகிறது. அதில் அறங்காவலர்கள், பேராசிரியர்கள், ஊழியர்கள், பழைய மாணவர்கள், பேருக்கு ஒன்றிரண்டு மாணவர்கள். மூன்று நான்கு தேடல் நிறுவனங்கள் வந்து குழு முன்னால் பேசிக்காட்டும், ஒன்று தேர்வாகும். அக்டோபரில் கன்சல்டன்ட் வளாகத்துக்கு வந்து இரண்டு மூன்று நாள் தங்கி ஆளாளுக்குச் சொல்வதைக் கேட்பார். இதைக் 'கேட்கும் அமர்வு' என்கிறார்கள், பெயர் பொருத்தம்தான். காலை எட்டு மணிக்கு டீன்கள், ஒன்பதரைக்குப் பேராசிரியர் பேரவை, பதினொன்றுக்கு விடுதி ஊழியர்கள், மதியம் பீட்சாவோடு மாணவர்கள், மூன்று மணிக்கு ஊர் மேயர்.

எல்லோரும் ஒரு அதிசயப் பிறவியைக் கேட்பார்கள். பெரிய ஆராய்ச்சியாளராக இருக்க வேண்டும், ஆனால் ஆராய்ச்சியை விட்டுவிட்டு மாணவர்களோடு காப்பி குடிக்க வேண்டும். கோடிகோடியாக நன்கொடை திரட்ட வேண்டும், ஆனால் ஊரை விட்டுப் போகக் கூடாது. துணிச்சலாக மாற்றம் கொண்டுவர வேண்டும், எங்கள் துறையைத் தவிர. அந்த அறையில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டே கன்சல்டன்ட் குறித்துக்கொள்வது வேறு விஷயங்களை. சேர்க்கை பற்றிப் பேச்சு வந்ததும் நிதி அதிகாரி ஏன் ஜன்னல் பக்கம் பார்த்தார்? பழைய தலைவரின் பெயரை யாருமே ஏன் சொல்லவில்லை? நல்ல கன்சல்டன்ட் திரும்பிப் போகும்போது அந்த இடத்தின் உண்மையான நோய் என்ன என்று தெரிந்துகொண்டு போவார். கையேட்டில் அதைப் பாதிதான் எழுத முடியும். மீதியை ஃபோனில்தான் சொல்ல வேண்டும்.

நவம்பர், டிசம்பர் முழுக்க ஃபோன். ஒரு தேடலுக்குச் சில நூறு பேரையாவது கூப்பிடுவார்கள். பெயர் சொல்பவர்கள், பெயர் சொல்லப்பட்டவர்கள், "எனக்கு வேண்டாம், ஆனால் அவரைக் கேட்டுப்பாருங்கள்" என்பவர்கள். கல்வித்துறைப் பத்திரிகைகளில் விளம்பரமும் வரும். அதைப் பார்த்து விண்ணப்பம் போட்டுத் தலைவரானவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் கடைசிச் சுற்றில் நிற்பவர்களில் பெரும்பாலோர் கூப்பிடப்பட்டவர்கள். தமிழில் விண்ணப்பதாரர் என்று எழுதுவதற்குக் கை தயங்குகிறது. அவர்கள் விண்ணப்பிப்பதில்லை, சம்மதிக்கிறார்கள்.

ஜனவரியில் முதல் சுற்று நேர்காணல். இதற்கு 'ஏர்போர்ட் இன்டர்வியூ' என்றே பெயர். விமான நிலையத்தை ஒட்டிய ஓட்டல் ஒன்றில் ஜன்னலில்லாத கூட்ட அறை, குதிரை லாட வடிவில் மேசைகள், நடுவே தண்ணீர்க் குடுவை. எட்டு முதல் பத்துப் பேர், இரண்டு நாள், ஆளுக்கு ஒன்றேகால் மணி அல்லது ஒன்றரை மணி நேரம். வேலைக்கு வருபவர் தன் ஊரிலிருந்து விமானத்தில் வந்து இறங்கி, பதில் சொல்லி, அன்றைக்கே திரும்பிப் போய்விடலாம். அவருடைய அலுவலகத்தில் பல் வைத்தியரிடம் போயிருப்பதாகச் சொல்லியிருக்கலாம். ஒருவர் வெளியே வரும்போது அடுத்தவர் எதிரே வந்துவிடக் கூடாது. கல்வித்துறை சின்ன ஊர், முகம் தெரிந்துவிடும். அதனால் ஒருவரை ஒரு லிப்டில் இறக்கிவிட்டு இன்னொருவரை இன்னொரு லிப்டில் ஏற்றும் வேலைக்கு என்றே ஒரு இளம் ஊழியர் தாழ்வாரத்தில் நிற்பார். இந்தத் தொழிலில் பலருடைய அரிச்சுவடி அந்தத் தாழ்வாரம்தான்.

பத்துப் பேர் மூன்று பேராவது இரண்டாம் நாள் மாலை. குழு களைத்திருக்கும். கன்சல்டன்ட்டுக்கு வாக்கு கிடையாது, பரிந்துரைப்பதும் முறையில்லை. ஆனால் யாரைப் பற்றிப் பேச்சை முதலில் எடுப்பது, எந்தத் தயக்கத்தைத் திரும்ப ஒரு முறை சத்தமாகச் சொல்லச் சொல்வது, எப்போது காப்பிக்கு எழுந்திருக்கச் சொல்வது என்பதெல்லாம் அவர் கையில். கோவில் தேரில் வடம் பிடிப்பவர்கள் நூறு பேர், முட்டுக்கட்டை போடுபவர் ஒருவர். தேர் எந்தப் பக்கம் திரும்பும் என்பது முட்டுக்கட்டைக்காரருக்குத் தெரியும்.

சில சமயம் தேடியது உள்ளேயே இருக்கும். ஹார்வர்டுக்கு 2017இல் தலைவர் தேடியபோது, அதன் ஆட்சிக் குழு உறுப்பினரான லாரன்ஸ் பேக்கோ தேடல் குழுவில் உட்கார்ந்திருந்தார். பாதி வழியில் மற்ற உறுப்பினர்கள் அவரையே கேட்க, குழுவிலிருந்து விலகினார். 2018 பிப்ரவரியில் தலைவராக அறிவிக்கப்பட்டார். தேடும் குழுவின் ஆளையே பிடித்துப் போட்டதைப் பற்றிக் கன்சல்டன்ட்டுகள் இன்றும் சிரித்துக்கொள்வார்கள்.

ஆள் கண்டுபிடிப்பதற்கா பல்கலைக்கழகங்கள் இவ்வளவு பணம் கொடுக்கின்றன? எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாட்டிலுள்ள நல்ல புரவோஸ்ட்கள் யார் என்று இணையத்தில் தேடினால் அரை நாளில் பட்டியல் கிடைக்கும். காசு கொடுத்து வாங்குவது மௌனத்தை. ஒரு பல்கலைக்கழகத்தில் தலைவராக இருப்பவர் இன்னொரு இடத்துக்குப் பேசிக்கொண்டிருக்கிறார் என்று வெளியே கசிந்தால், அடுத்த நாளிலிருந்து அவருடைய சொல் ஏறாது. பெரிய நன்கொடை தருவதாக இருந்தவர் பேனாவை மூடிவிடுவார். கிடைக்காமல் போன வேலைக்காக இருக்கும் வேலையும் போகும். அதனால் "என் பெயர் வெளியே வராது என்றால் வருகிறேன்" என்பார்கள். வராது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரு வெளியாள் வேண்டும். இருபது பேர் கொண்ட குழுவால் அந்த உறுதியைக் கொடுக்க முடியாது.

அரசுப் பல்கலைக்கழகங்களில் இது சட்டத்தோடு மோதுகிறது. மக்கள் பணத்தில் நடக்கும் நிறுவனத்துக்கு யார் யாரைப் பரிசீலித்தார்கள் என்று மக்களுக்குத் தெரிய வேண்டாமா? மாநிலத்துக்கு மாநிலம் விடை வேறு. டெக்சாஸில் இறுதிப் பெயரை முடிவு செய்வதற்கு 21 நாள் முன்பாவது வெளியிட வேண்டும். 'இறுதிப் பெயர்கள்' ஒன்றாகவே இருக்கலாம் என்பதால் அங்கே 'ஒரே இறுதி வேட்பாளர்' என்ற விசித்திரமான சொல் பிறந்தது. ஒரே ஒருவர் எப்படி 'இறுதி' வேட்பாளர் ஆவார் என்று கேட்டால் பதிலில்லை. உத்தரப் பிரதேசத்தில் பிறந்த ரேணு கட்டோர் 2007இல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு அப்படித்தான் ஒரே பெயராக அறிவிக்கப்பட்டு, 2008 ஜனவரியில் பொறுப்பேற்றார்.

ஃபுளோரிடா முன்பு திறந்த வீடாக இருந்தது. 2022இல் சட்டத்தைத் திருத்தி, இறுதிக் கட்டம் வரை விண்ணப்பித்தவர்களின் பெயர்களை மறைக்கலாம் என்றார்கள். அந்த ஆண்டே ஃபுளோரிடா பல்கலைக்கழகம் செனட்டர் பென் சாஸின் பெயரை ஒரே பெயராக அறிவித்தது. 2023 பிப்ரவரியில் வந்தவர் 2024 ஜூலையில் விலகினார். மறுபடி தேடல். இந்த முறை ஒரே பெயர், மிச்சிகன் பல்கலைக்கழகத் தலைவர் சான்டா ஓனோ. 2025 மே மாதம் ஃபுளோரிடா அறங்காவலர்கள் ஒருமனதாக ஏற்றார்கள். அதற்குள் அவர் மிச்சிகனை விட்டு விலகுவதாக அறிவித்துவிட்டார். ஜூன் 3ஆம் தேதி, மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகங்களை மேற்பார்வையிடும் ஆளுநர்கள் வாரியம் கூடியது. பன்முகத்தன்மைத் திட்டங்களை அவர் முன்பு ஆதரித்ததைப் பற்றிக் கேள்வி மேல் கேள்வி. 10 பேர் எதிர்த்தும் 6 பேர் ஆதரித்தும் வாக்களிக்க, நிராகரித்தார்கள். பல்கலைக்கழகம் தேர்ந்தெடுத்த ஒருவரை அந்த வாரியம் தள்ளியது அதுதான் முதல் முறை.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த ஜூன் மாதச் செய்தி வயிற்றைக் கலக்கியிருக்கும். மௌனம் காத்து, மாதக்கணக்கில் பேசிப் பேசி ஒருவரை நல்ல வேலையிலிருந்து பெயர்த்து எடுத்து வருகிறார்கள். கடைசிப் படியில் அரசியல் கதவைச் சாத்துகிறது. அடுத்த முறை அந்த மாநிலத்திலிருந்து ஒரு ஃபோன் வந்தால், "நான் வேலை தேடவில்லை" என்ற பதில் நிஜமாகவே இருக்கும்.

மௌனத்துக்கு இன்னொரு விலையும் உண்டு, அது விசாரணையில் தெரிகிறது. நம் ஊரில் வரன் பார்க்கும்போது ஜாதகத்தோடு நிறுத்த மாட்டோம். பையன் வேலை பார்க்கும் இடத்தில், குடியிருக்கும் தெருவில், முடிந்தால் மளிகைக் கடையில் விசாரிப்போம். அமெரிக்கத் தேடலிலும் அவர் கொடுத்த பட்டியலில் உள்ளவர்களிடம் கேட்பது ஒரு கட்டம், பட்டியலில் இல்லாதவர்களிடம் கேட்பது அடுத்த கட்டம். உண்மை வருவது இரண்டாவதில்தான். ஆனால் ரகசியம் காக்க வேண்டும் என்றால் அவர் இப்போது வேலை பார்க்கும் வளாகத்தில் யாரையும் கேட்க முடியாது. மளிகைக் கடைக்கே போகாமல் சம்பந்தம் முடிப்பது போல.

இதன் விளைவு எப்படி இருக்கும் என்பதற்கு இரண்டு உதாரணங்கள். லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத் தலைவராக இருந்த கிங் அலெக்சாண்டர், ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு 2020 ஜூலையில் பொறுப்பேற்றார். பழைய இடத்தில் பாலியல் புகார்கள் எப்படிக் கையாளப்பட்டன என்பது பற்றிய வெளி அறிக்கை 2021 மார்ச்சில் வந்தது. அந்த மாதமே விலகல் முடிவாயிற்று. பல வளாகங்கள் கொண்ட கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பை நடத்தும் வேந்தராக 2021 ஜனவரியில் வந்த ஜோசப் காஸ்ட்ரோவும், ஃபிரெஸ்னோ வளாகத்தில் தலைவராக இருந்தபோது ஒரு துணைத் தலைவர் மீது வந்த புகார்களைக் கையாண்ட விதம் வெளியானதும் 2022 பிப்ரவரியில் விலகினார். இரண்டு இடத்திலும் விஷயம் தெரிந்தவர்கள் இருந்தார்கள், பழைய வளாகத்தில். ஃபிங்கல்ஸ்டைனும் வைல்டும் தேடல் ஒப்பந்தங்களைச் சேகரித்துப் படித்துவிட்டுச் சொன்ன குறையும் இதை ஒட்டியதுதான். வேட்பாளரின் பின்னணியைச் சரிபார்க்கும் பொறுப்பைத் தெளிவாக ஏற்றுக்கொண்ட ஒப்பந்தங்கள் குறைவு. கடன், வழக்கு, பட்டச் சான்றிதழ் எல்லாவற்றையும் பார்க்க வேறு ஒரு நிறுவனத்துக்குக் கொடுப்பார்கள். குணத்துக்குச் சான்றிதழ் எந்த நிறுவனத்திலும் கிடைக்காது.

ஹார்வர்டின் தலைவராக இருந்த கிளாடின் கே, மேற்கோள் காட்டாமல் எழுதியதாகக் குற்றச்சாட்டுகள் எழுந்த சூழலில் 2024 ஜனவரியில் விலகிய பிறகு இன்னொரு வேலையும் சேர்ந்தது. இறுதிச் சுற்றுக்கு வருபவரின் முனைவர் பட்ட ஆய்வேட்டைக்கூட மென்பொருளில் போட்டுப் பார்க்கிறார்கள். முப்பது ஆண்டுக்கு முன் எழுதிய பத்தி இப்போது வேலைக்கு உலை வைக்கலாம்.

இந்தத் தொழிலுக்குள் யார் வருகிறார்கள்? இதற்கென்று பட்டப்படிப்பு இல்லை. எந்தக் குழந்தையும் பெரியவனாகி டீன் தேடப் போகிறேன் என்று சொன்னதில்லை. வாசல்கள் இரண்டு. முன்வாசல் வழியாக வருபவர்கள் ஓய்வு பெற்ற தலைவர்கள், புரவோஸ்ட்கள். அவர்களுடைய முகவரிப் புத்தகமே மூலதனம். எந்தத் தலைவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடலாம், எடுப்பார்கள். ஆனால் மேடையில் நடுநாயகமாக உட்கார்ந்து பழகியவர்களுக்கு ஓரத்தில் நின்று கேட்கத் தெரிவதில்லை. வாடிக்கையாளரைத் திருத்தப் போய்விடுவார்கள். பின்வாசல் வழியாக வருபவர்கள் இருபத்து நான்கு, இருபத்தைந்து வயதில் ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்கிறவர்கள். வரலாறு படித்தவர்கள், இலக்கியம் படித்தவர்கள், முனைவர் பட்டத்தைப் பாதியில் விட்டவர்கள், பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அலுவலகத்திலோ நிதி திரட்டும் அலுவலகத்திலோ இருந்தவர்கள். பட்டியல் போடுவது, தாழ்வாரத்தில் நிற்பது, கையேட்டின் முதல் வரைவை எழுதுவது என்று தொடங்கி, பத்துப் பன்னிரண்டு ஆண்டில் பார்ட்னர் ஆகலாம்.

மேலே போகப் போக வேலை மாறிவிடும். தேடுவதைவிடத் தேடும் வாய்ப்பைப் பிடித்து வருவதற்குத்தான் வருமானம் அதிகம். ஒரே நேரத்தில் அரை டஜன் தேடல்கள் ஓடும். திங்கட்கிழமை ஒஹாயோ, புதன்கிழமை ஓரிகன். மார்ச் மாதம் வீட்டில் சாப்பிட்ட நாட்களை விரல்விட்டு எண்ணலாம். ஒழுக்க விதிகளும் உண்டு. தான் கொண்டுபோய் உட்கார வைத்த ஒருவரை அங்கிருந்து பெயர்த்து வேறு இடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது, வாடிக்கையாளரின் வளாகத்தில் சில காலம் வேட்டையாடக் கூடாது. நிறுவனம் பெரிதாகப் பெரிதாக இந்த விதி கழுத்தைப் பிடிக்கும். எல்லோரும் வாடிக்கையாளர் என்றால் யாரைக் கூப்பிடுவது?

அதே பெயர்களையே சுற்றிச் சுற்றி விடுகிறார்கள் என்பது இவர்கள் மீது பழைய குற்றச்சாட்டு. வட்டத்தை விரித்ததே நாங்கள்தான் என்பார்கள் இவர்கள். 2022 கணக்கெடுப்பில் தலைவர்களில் பெண்கள் மூன்றில் ஒரு பங்கு. மாணவர்களில் பாதிக்கு மேல் பெண்கள் இருக்கும் நாட்டில் இதை வெற்றி என்பதா குறை என்பதா என்பது கேட்பவரைப் பொறுத்தது. இந்தியர்களுக்கு இந்த வட்டம் கொஞ்சம் திறந்திருக்கிறது என்றே சொல்ல வேண்டும். சென்னை ஐஐடியில் 1977இல் பட்டம் வாங்கிய சுப்ரா சுரேஷ் 2013இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்கும், 2018இல் சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கும் தலைவரானார். திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியில் படித்த நாகி நாகநாதன் 2017இல் ஓரிகன் தொழில்நுட்பக் கழகத்தின் தலைவரானார். ஆனால் அமெரிக்க வளாகங்களில் துறைத் தலைவர் நாற்காலியோடு நின்றுவிடும் நம்மவர்கள் நிறையப் பேர். "நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் "எங்கள் துறை செய்தது" என்று பதில் சொல்லும் வளர்ப்பு ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும். ஓட்டல் அறையின் ஒன்றரை மணி நேரத்தில் அந்த அடக்கம் எடுபடாது.

இங்கே தமிழ்நாட்டில் 'தேடுதல் குழு' என்ற சொல்லைச் செய்தித்தாள் படிக்கும் எல்லோருக்கும் தெரியும், வேறு காரணத்துக்காக. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிப்படி, துணைவேந்தர் பதவிக்கு, பேராசிரியராகவோ பெயர்பெற்ற ஆய்வு அல்லது கல்வி நிர்வாக அமைப்பிலோ பத்து ஆண்டு அனுபவமுள்ளவர்களிலிருந்து குழு மூன்று முதல் ஐந்து பெயர்களைத் தேர்ந்து கொடுக்க, வேந்தர் ஒருவரை நியமிக்க வேண்டும். யார் அந்தக் குழுவில் உட்காருவது என்பதில்தான் சண்டை எல்லாம். அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தர் நாற்காலி 2016 மே முதல் 2018 ஏப்ரல் வரை காலியாகக் கிடந்தது. நியமன அதிகாரத்தை ஆளுநரிடமிருந்து மாநில அரசுக்கு மாற்றும் சட்டங்கள் 2025 ஏப்ரல் 8ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் நடைமுறைக்கு வந்தன. அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றம் அவற்றுக்கு இடைக்காலத் தடை விதித்தது. நம் ஊரில் கட்டணம் வாங்கும் கன்சல்டன்ட் இல்லை, கேட்கும் அமர்வு இல்லை, இருபது பக்கக் கையேடும் இல்லை. அந்தப் பல்கலைக்கழகத்துக்கு என்ன நோய் என்று யாரும் விடுதி ஊழியரைக் கேட்டதாகத் தெரியவில்லை. அமெரிக்க முறையிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றால், நான் அந்த மூன்று நாள் கேட்பதை எடுப்பேன். அதற்குச் செலவும் குறைவு.

மார்ச் மாதம் தேடல் முடிகிறது. மூவரில் ஒருவர் தேர்வாகி, சம்பளம் பேசி, ஜூலை 1இல் பொறுப்பேற்கச் சம்மதிக்கிறார். அவரை அழைத்து வாழ்த்துச் சொல்லும் வேலையை அறங்காவலர் குழுத் தலைவர் ஆசையோடு செய்துவிடுவார். மற்ற இருவரைக் கூப்பிடும் வேலை கன்சல்டன்ட்டுக்கு. சிலர் இதை மின்னஞ்சலில் முடித்துக்கொள்வார்கள். தொழில் தெரிந்தவர்கள் செய்தி வெளியே போவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஃபோனை எடுப்பார்கள். தேர்வானவர் இனி பல ஆண்டுகளுக்கு அவர் கைக்கு எட்டாதவர், விதி அப்படி. தோற்ற இருவர்தான் கையில் மிச்சம். இறுதிச் சுற்று வரை வந்தவர்கள், விசாரணை முடிந்தவர்கள், மனதளவில் ஒரு முறை கிளம்பிவிட்டவர்கள்.

காரில் ஏறப்போன அந்தப் புரவோஸ்ட் இருவரில் ஒருவர். "உங்களுக்கு அமையவில்லை" என்று கன்சல்டன்ட் சொல்கிறார். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு புரவோஸ்ட், "பரவாயில்லை, நான்தான் வேலை தேடவில்லையே" என்கிறார். கன்சல்டன்ட் சிரிக்காமல் கேட்கிறார், எந்த இடத்தில் தடுமாறினோம் என்று நினைக்கிறீர்கள்? புரவோஸ்ட் பேச ஆரம்பிக்கிறார். நாற்பது நிமிடம் போகிறது. கன்சல்டன்ட் எழுதிக்கொண்டிருக்கிறார்.